சாயங்காலம் முதல் விடியக்காலை வரை: பொழுதுச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நாடக போஸ்டர், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அடிக்கிறோம். பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் சொந்தக்காரர்கள் புரிந்துகொள்வார்கள், பொழுதில் பிழை வந்தால் ஆட்கள் வரவே மாட்டார்கள். அதனால் புரூஃப் பார்க்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்விகள் அநேகமாக நேரத்தைப் பற்றியவைதான். மாலை என்று போடுவதா, இரவு என்று போடுவதா, விடியக்காலை எந்தத் தேதியில் வரும், இப்படி. அவற்றோடு, வெளியூரில் வளர்ந்து இங்கே வாழ வந்த மருமகள்களும் மாப்பிள்ளைகளும் கேட்கிற சில கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது?

மணியில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு. மூன்றரை வரைக்கும் மத்தியானம்தான். ஆனால் எங்கள் பக்கம் யாரும் மணியை வைத்துச் சாயங்காலத்தைக் கணக்கிடுவதில்லை. திண்ணையில் படுத்திருந்தவர் எழுந்து முகம் கழுவினால், டீக்கடையில் வடைச் சட்டி அடுப்பில் ஏறினால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் வாய்க்கால் கரையோடு வர ஆரம்பித்தால் சாயங்காலம். முடிவது எப்போது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம் வரும். விளக்கு வைத்ததும் முடிந்தது என்பார்கள் சிலர். டவுனில் இருப்பவர்கள் ஏழரை மணியைக்கூட சாயங்காலம் என்றே சொல்கிறார்கள், தெருவிளக்கு எரிவதால் இருட்டு அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சூரியன் மறையும் நேரம் வருஷம் முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள்தான் மாறுகிறது. கார்த்திகையில் ஏறத்தாழ 5.45க்கு மறையும், ஆனி, ஆடியில் 6.40 அளவில் மறையும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுகிறது, மறைந்து இருபது இருபத்தைந்து நிமிஷத்துக்குள் இருட்டிவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குத்தான் நம்மிடம் இத்தனை சொற்கள் இருக்கின்றன.

ஏழு மணி நிகழ்ச்சிக்கு 'மாலை 7' என்று போடுவதா, 'இரவு 7' என்று போடுவதா?

நாளிதழ்களில் பெரும்பாலும் ஆறு, ஆறரை வரை மாலை, ஏழு மணி முதல் இரவு. நான் பார்ப்பது அது என்ன நிகழ்ச்சி என்பதை. வரவேற்பு என்றால் 'மாலை 7.00 மணி' என்றே போடுகிறேன், காரணம் அதற்குப் போகிறவர்கள் சாயங்காலமே குளித்துத் தலைவாரிக் கிளம்புகிறார்கள். சாமி புறப்பாடு ஏழு மணிக்கு என்றால் 'இரவு' என்று போடுவேன், ஏழு என்று போட்டாலும் சாமி மண்டபத்தை விட்டு நகர எட்டரை ஆகும், திரும்பி வரப் பதினொன்று ஆகும், அதற்கேற்ப வயதானவர்கள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இரண்டுமே தவறில்லை. ஆனால் ஒரே பத்திரிகையில் ஓர் இடத்தில் 'மாலை 7', இன்னோர் இடத்தில் 'இரவு 7' என்று வரக் கூடாது, அதை நான் விடவே மாட்டேன்.

சாயங்காலம் என்பது பொழுது சாய்வதால் வந்த பெயர்தானே?

கேட்கும்போது அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. சமஸ்கிருதத்தில் 'சாயம்' என்றாலே மாலை, அதோடு 'காலம்' சேர்ந்து சாயங்காலம் ஆயிற்று. பேச்சில் சாயந்திரம், சாயந்தரம் என்று உருண்டுவிட்டது. 'பொழுது சாய', 'பொழுது சாஞ்சிடுச்சு' என்பதில் வரும் சாய்தான் தமிழ் வினை. இரண்டும் ஒரே ஓசையில் வந்து நின்றதால் காதுக்கு ஒன்றாகிவிட்டன.

சாயரட்சையும் அந்த 'சாயம்' வழியாக வந்ததுதான். சிவன் கோயில்களில் ஆறுகால பூஜை என்றால் உஷத்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாம் காலம், அர்த்தஜாமம். அதில் பொழுது மறைகிற நேரத்துப் பூஜை சாயரட்சை. திருவாரூர் தியாகராஜர் கோயிலில் இதற்குத் திருவந்திக்காப்பு என்று பெயர், தேவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் அங்கே கும்பிட வருவதாக நம்பிக்கை. அந்திக்காப்பு என்ற தமிழ்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அந்திப் பொழுதுக்கு ஒரு காப்பு வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நினைத்தது அதிலேயே இருக்கிறது. கோயிலை ஒட்டிய தெருக்களிலும் அக்கிரகாரங்களிலும் பூஜையின் பெயரே பொழுதின் பெயராகிவிட்டது. "சாயரட்சை வாங்கோ" என்றால் சாயங்காலம் வாருங்கள் என்று அர்த்தம்.

அந்தி, மசங்கல், கருக்கல், எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. எங்கள் பாட்டி மூன்றையும் மாற்றிப் போட்டால் திருத்துவார்.

வானத்தில் சிவப்பு இருக்கும் வரை அந்தி. எதிரே ஆள் வருவது தெரிகிறது, ஆனால் யார் என்று முகம் தெரியவில்லை என்றால் மசங்கல். 'மசங்கிப் போச்சு', 'மசமசன்னு இருக்கு' என்பது அந்த நேரம். அதன் பிறகு வருவது இருட்டு, அதிலேயே கும்மிருட்டு, மையிருட்டு என்று உண்டு. கருக்கல் கொஞ்சம் சிக்கலான சொல். வெளிச்சமும் இருட்டும் கலந்து நிற்கும் நேரம் எதுவானாலும் கருக்கல்தான், அது சாயங்காலமாகவும் இருக்கலாம், விடியற்காலமாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டில் 'கருக்கலோட கிளம்பு' என்றால் விடியும் முன் கிளம்பு என்றுதான் பொருள். வேறு ஊர்க்காரர் சொன்னால் எந்தப் பக்கத்துக் கருக்கல் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தியும் ஒரு காலத்தில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகவே இருந்தது, பழைய தமிழில் காலையந்தி, மாலையந்தி இரண்டும் உண்டு. இன்றைக்குக் காலைப் பக்கம் கழன்றுபோய் மாலைக்கு மட்டும் நிற்கிறது. அந்திமந்தாரை சாயங்காலம் பூப்பதால் அந்தப் பெயர். 'அந்தி மழை அழுதாலும் விடாது' என்ற பழமொழியை நெல் காயப்போட்டவர்கள் வெறும் பழமொழியாகச் சொல்வதில்லை. குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து நிற்கும்போது, அந்தியில் பிடித்த மழை களத்து நெல்லை முளைக்க வைத்துவிட்டுத்தான் போகும்.

'பொழுதோட வந்துடு' என்று மாமியார் சொன்னார். எந்தப் பொழுதோடு?

சூரியனோடு. பொழுது என்றால் காலம் மட்டும் இல்லை, சூரியனும் பொழுதுதான். 'பொழுது ஏறிடுச்சு', 'பொழுது சாஞ்சிடுச்சு', 'பொழுது பட்டுடுச்சு' என்பதெல்லாம் சூரியனைப் பற்றிய பேச்சு. பொழுதோடு வா என்றால் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர் என்று அர்த்தம். ஆறு மணிக்கு வா என்று சொல்வதைவிட இது சரியான கணக்கு, கார்த்திகையில் ஆறு மணிக்கு இருட்டிவிடும், ஆடியில் அதே ஆறு மணிக்கு வெயில் இருக்கும்.

'பொழுது போச்சு' என்றால் இருட்டிவிட்டது. 'பொழுது போகலை' என்றால் சலிப்பாக இருக்கிறது. 'பொழுதன்னிக்கும்' என்றால் எந்நேரமும். 'ஒருபொழுது' என்றால் ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம், அதனால் "இன்னிக்கு நான் ஒருபொழுது" என்று யாராவது சொன்னால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வற்புறுத்தாதீர்கள்.

விளக்கு வைக்கிற நேரம் என்பது எது? அதில் ஏன் இத்தனை கட்டுப்பாடு?

சூரியன் மறைந்து முழுசாக இருட்டும் முன், வாசல் தெளித்து மாடத்திலும் சாமி முன்னாலும் விளக்கு ஏற்றும் நேரம். அந்த நேரத்தில் படுத்துத் தூங்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வீடு கூட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு தயிர், உப்பு, ஊசி, பணம் யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி வரும் நேரம் என்று காரணம் சொல்வார்கள். மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில் வளர்ந்த எனக்கு இன்னொரு காரணமும் புரிகிறது. அரை வெளிச்சத்தில் கூட்டினால் மூக்குத்தித் திருகாணி குப்பையோடு போய்விடும், ஊசி கை மாறும்போது கீழே விழுந்தால் காலில்தான் கிடைக்கும். இரண்டு காரணத்தையும் நான் மதிக்கிறேன்.

மாடு மேய்ச்சலிலிருந்து திரும்பும் நேரமும் இதுதான். கோதூளி முகூர்த்தம் என்று சாயங்காலக் கல்யாணத்துக்குச் சொல்கிறார்களே, அது மாட்டின் குளம்படித் தூசி எழும் நேரம் என்ற பொருளில் வந்தது. எங்கள் அச்சகத்துக்கு அப்படி ஒரு பத்திரிகை வருவது அபூர்வம், வந்தால் சந்தோஷமாக இருக்கும்.

இரவு, இரா, ரா, ராத்திரி: எது சரியான தமிழ்?

எழுத்தில் இரவு, பேச்சில் ராத்திரி. இரவு தமிழ்ச் சொல், இருள் என்பதோடு உறவு. ராத்திரி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ரகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற பழைய விதிப்படி, வெளியிலிருந்து வந்த ராத்திரிக்கு முன்னால் ஓர் 'இ' ஒட்டி 'இராத்திரி' என்று எழுதினார்கள். அதே சமயம் சொந்தச் சொல்லான 'இரா' பேச்சில் தன் 'இ'யை உதிர்த்துவிட்டு 'ரா' ஆகிவிட்டது. ஒன்று உடுத்திக்கொண்டது, இன்னொன்று கழற்றிப் போட்டது.

அந்த 'ரா' தனியாக இப்போது அதிகம் வருவதில்லை, ஒட்டிக்கொண்டு வருகிறது. ராப்பகலா, ராக்காவல், ராப்பாடி, ராக்கோழி. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசித் திருவிழாவைப் பகல்பத்து, இராப்பத்து என்று பிரித்துச் சொல்வதில் அது கம்பீரமாக நிற்கிறது. 'அல்லும் பகலும்' என்கிறோமே, அதில் வரும் அல் என்பதும் இரவுதான், அந்தத் தொடரை விட்டு அது வெளியே வருவதில்லை.

திருக்குறளில் 'இரவு' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது ராத்திரியைப் பற்றியதா?

இல்லை, 106ஆம் அதிகாரமான அது பிச்சை கேட்பதைப் பற்றியது. இரத்தல் என்றால் யாசித்தல், அதிலிருந்து வந்த இரவு. அடுத்த அதிகாரம் இரவச்சம், அதுவும் இருட்டுக்குப் பயப்படுவது இல்லை, பிச்சை கேட்க அஞ்சுவது. இரவல் வாங்குகிறோமே, அந்தச் சொல்லும் இந்தக் குடும்பம்தான். எங்கள் சின்ன வயதில் தெருவில் ராப்பிச்சை வருவார்கள், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு எட்டரை ஒன்பது மணிக்கு, மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் வாங்கிப் போக. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் எனக்கு இரண்டு இரவும் ஒன்றாக ஞாபகம் வரும்.

சாமம் என்பது எத்தனை மணி? யாமமும் அதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, அளவு இரண்டு. குழப்பம் வருவது இதனால்தான்.

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். பகலுக்கு நாலு, ராத்திரிக்கு நாலு என்று எட்டுச் சாமமாகப் பிரித்தால் ஒரு சாமத்துக்கு ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். ராத்திரி ஆறிலிருந்து ஒன்பது முதல் சாமம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு இரண்டாம் சாமம், இப்படி. மகாசிவராத்திரிக்கு நாலு கால பூஜை நடப்பது இந்தக் கணக்கில்.

தமிழ் இலக்கணத்தில் வரும் சிறுபொழுது வேறு. அதில் ஒரு நாளை ஆறாக வெட்டுகிறார்கள், ஒவ்வொன்றும் 10 நாழிகை, 4 மணி நேரம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. இந்தக் கணக்கில் மாலை என்பது ஆறிலிருந்து பத்து வரை, யாமம் பத்திலிருந்து இரண்டு வரை, வைகறை இரண்டிலிருந்து ஆறு வரை. ஆக ராத்திரி ஒன்பது மணிக்கு 'மாலை' என்று போட்டால் தொல்காப்பியருக்கு ஆட்சேபம் இருக்காது, மண்டபத்து மேனேஜருக்குத்தான் இருக்கும்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பொழுது கொடுத்திருக்கிறார்கள். வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு, அதாவது எங்கள் மண்ணுக்கு, வைகறையும் விடியலும். நாற்றுப் பறிக்க விடியும் முன்பே இறங்குபவர்களைப் பார்த்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். கடற்கரைக்கு, நெய்தலுக்கு, எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் மறைவது. நாகப்பட்டினம் கரையில் நின்று பாருங்கள், சூரியன் கடலில் மறையாது, முதுகுக்குப் பின்னால் பனைமரத்துக்கும் வயலுக்கும் நடுவே இறங்கும். கிழக்குக் கரை எற்பாடு அப்படித்தான்.

பேச்சில் மிஞ்சியிருப்பது நடுச்சாமம், சாமக்கோழி, அப்புறம் குடுகுடுப்பைக்காரருக்குச் சொல்லும் சாமக்கோடங்கி. மணியைச் சொல்வதற்காக அல்ல, ஊர் அடங்கிப்போன அந்த நேரத்தைச் சொல்ல இப்போதும் இந்தச் சொற்கள்தான் வேண்டியிருக்கின்றன.

நள்ளிரவு, நடுநிசி, அர்த்தராத்திரி?

மூன்றும் நடு ராத்திரி. நள்ளிரவில் வரும் நள்தான் நண்பகலிலும் வருகிறது, நள் பகல் நண்பகல் ஆயிற்று. நிசி என்பது சமஸ்கிருதத்தில் இரவு. அர்த்தராத்திரியில் வரும் அர்த்தம் பாதி என்ற பொருளில் வருவது, 'பொருள்' என்கிற அர்த்தம் இல்லை. கோயில் அர்த்தஜாமப் பூஜை அநேக ஊரில் எட்டரை ஒன்பதுக்கே முடிந்து, பள்ளியறைக்குச் சாமி போய், நாயனத்தில் நீலாம்பரி வாசித்து நடை சாத்திவிடுவார்கள், பெயரைப் பார்த்துவிட்டு பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

ராத்திரி 12.30 என்பது எந்தத் தேதி? நேற்றா இன்றா?

இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அக்கா வீட்டில் நாலு பேர் சென்னைக்குக் கிளம்பினார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.15 என்று இருந்தது. 15ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, புளியோதரை கட்டிக்கொண்டு, பதினொன்றரைக்கே போய் நின்றார்கள். பஸ் முந்தின ராத்திரியே போய்விட்டது. டிக்கெட்டில் தவறு இல்லை, அக்கா மேலும் தவறு இல்லை. இரண்டு பேரும் வேறு வேறு நாள்காட்டியில் இருந்தார்கள்.

கடிகாரத்துக்கு நாள் மாறுவது பன்னிரண்டு மணிக்கு. பஞ்சாங்கத்துக்கும் நம் பேச்சுக்கும் நாள் மாறுவது விடியும்போது. சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை ஒரே நாள், அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு நடந்ததை நாம் 'நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு' என்றுதான் சொல்வோம். தூங்கி எழுந்தால்தான் இன்னொரு நாள். எங்கள் அத்தை காலை நாலு மணிக்கு எழுந்துவிட்டார் என்றால் அவருக்கு அப்போதே மறுநாள் வந்துவிட்டது, பக்கத்தில் தூங்குகிறவருக்கு வரவில்லை.

இதற்கு நம் ஊரிலேயே அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'சனிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா ஞாயித்துக்கிழமை' என்று இரண்டு கிழமையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். 'விடிஞ்சா கல்யாணம்' என்றால் இந்த ராத்திரி கழிந்தால் கல்யாணம். விடியற்காலை 4.30க்கு முகூர்த்தம் இருந்தால் நான் பத்திரிகையில் தேதி, கிழமை போட்டு, அதன் கீழே 'சனிக்கிழமை இரவு விடிந்தால் ஞாயிறு' என்று ஒரு வரி கட்டாயம் சேர்ப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் அது பழைய பாணியாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். நான் எடுக்கவில்லை, அவரிடம் காரணம் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

பஸ், ரயில் டிக்கெட் பார்க்கும்போது 00 என்று தொடங்கும் நேரமாக இருந்தால் தேதியில் ஒன்றைக் கழித்து, அந்த நாள் ராத்திரி கிளம்ப வேண்டும் என்று வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கூத்தாநல்லூர் நண்பர் 'வெள்ளி இரவு' என்று அழைத்தார். வெள்ளிக்கிழமை போனேன், முடிந்துவிட்டது என்றார்கள். ஏன்?

இஸ்லாமியக் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. வியாழக்கிழமை பொழுது பட்டதுமே வெள்ளி வந்துவிடுகிறது, அதனால் வெள்ளி இரவு என்பது நமக்கு வியாழக்கிழமை ராத்திரி. ரமலானில் 27ஆம் இரவு என்பதும் 26ஆம் நோன்பு திறந்த பிறகு வரும் ராத்திரி. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் நேரத்தையே தொழுகையை வைத்துச் சொல்வார்கள். 'மஃரிபுக்கு முன்னாடி வந்துடுங்க' என்றால் இருட்டும் முன், 'இஷாவுக்கு அப்புறம்' என்றால் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

வேளாங்கண்ணியிலும் இதைப் பார்க்கலாம். திருவிழா நாள் செப்டம்பர் 8, ஆனால் பெரிய தேர் பவனி 7ஆம் தேதி மாலையே. முந்தின மாலையிலேயே திருநாள் பிறந்துவிடுகிறது. ஒரே டெல்டாவில், இருபது முப்பது மைலுக்குள், நாள் மூன்று வேளையில் பிறக்கிறது: விடியலில், அந்தியில், நள்ளிரவில். பத்திரிகை அடிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அழைக்கும் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது, "நீங்க சொல்ற ராத்திரி எந்தக் கிழமைக்கு அப்புறம் வர்ற ராத்திரி?"

வயல் வேலைக்கென்று ராத்திரிச் சொற்கள் உண்டா?

நிறைய. ராத்தண்ணி என்பது முறைப்பாசனத்தில் ராத்திரியில் நம் வயலுக்கு விழும் தண்ணீர் முறை. மேட்டூர் அணை ஜூன் 12 திறந்து கடைமடை வரை தண்ணீர் வந்து சேர்ந்தால், முறை நமக்கு எப்போது விழுகிறதோ அப்போது மண்வெட்டியோடு போய் மடை திறக்க வேண்டும், பகலா ராவா என்று பார்க்க முடியாது. பம்புசெட் வைத்தவர்களுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில் 'ராக்கரண்டு' என்றே பெயர். ராக்காவல் களத்திலும் உண்டு, இப்போது கொள்முதல் நிலையத்து வாசலிலும் உண்டு, குவித்த நெல்லோடு தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு எத்தனையோ பேர் ராவைக் கழிக்கிறார்கள்.

நிலவை வைத்தும் சொல்வார்கள். வளர்பிறையில் பொழுது பட்டதும் வெளிச்சம் இருந்தால் முன்னிலவு, தேய்பிறையில் பாதி ராத்திரிக்கு மேல் எழுந்து வந்தால் பின்னிலவு. பின்னிலவுக் காலத்தில் ராத்தண்ணிக்குப் போகிறவர் போகும்போது டார்ச் கொண்டுபோவார், திரும்பும்போது அது தேவைப்படாது.

ராத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தைகள் என்னென்ன?

பாம்பு என்று சொல்ல மாட்டார்கள், பூச்சி என்பார்கள். "பூச்சி பொட்டு கெடக்கும், வெளக்கு எடுத்துட்டுப் போ" என்றால் எறும்பைச் சொல்லவில்லை. அப்புறம் விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை, அமர்த்து, மலையேற்று என்பார்கள். மின்விளக்குக்கு மட்டும் 'லைட்டை ஆஃப் பண்ணு', அதற்கு யாரும் தப்புச் சொல்வதில்லை. கிளம்பும்போது போகிறேன் என்று எந்த நேரத்திலும் சொல்லக் கூடாது, ராத்திரியில் சொன்னால் அதிகத் திட்டு கிடைக்கும்.

'குட் நைட்'டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

இனிய இரவு, இரவு வணக்கம் என்று எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொண்டு படுத்ததில்லை. "சாப்டாச்சா?", "கதவு தாழ் போட்டாச்சா?", "படுங்க, நேரமாச்சு", "சரி, காலைல பாப்போம்." இவைதான் எங்கள் ராத்திரி வணக்கம். மருமகள் ஒருத்தி மாமனாரிடம் "மாமா, தண்ணி சொம்பு வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் ஈவ்னிங், நைட்டு என்றே பேசுகிறார்கள். பரவாயில்லையா?

பேசட்டும், நைட்டு டூட்டியை வேறு எப்படிச் சொல்வது. முதல் ஆட்டம், ரெண்டாவது ஆட்டம் என்று சினிமாவுக்குச் சொல்லி வந்த நாமே செகண்ட் ஷோ என்று மாறிவிட்டோம். எனக்கு வருத்தம் ஒன்றில்தான். 'நைட்டு வரேன்' என்றால் ஏழு மணியா, சாப்பாட்டுக்கா, ஊர் அடங்கிய பிறகா, தெரியாது. 'வெளக்கு வச்சதும் வரேன்', 'சாப்பாட்டுக்கு மேல வரேன்', 'ரெண்டாவது ஆட்டம் விட்டதும் வரேன்' என்று சொன்ன தலைமுறைக்குக் கடிகாரம் இல்லை, ஆனால் காத்திருப்பவருக்கு எவ்வளவு நேரம் என்று தெரிந்தது.

விடியற்காலை, அதிகாலை, வைகறை, பிரம்ம முகூர்த்தம்: எதைப் போடுவது?

வைகறை கவிதைக்கும் வாழ்த்து மடலுக்கும். அதிகாலை நோட்டீசுக்கு. பேச்சில் விடியக்காலை. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்கி 48 நிமிஷம் நீடிக்கும் நேரம், ஒரு முகூர்த்தம் என்றாலே இரண்டு நாழிகைதான், அதனால் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அதைப் போட்டால் மணியையும் சேர்த்துப் போடுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் ராத்திரி தொடங்கி விடியும் வரை நடக்கும். அதைப்போல கிராமத்து நாடக போஸ்டருக்கு இன்றும் 'இரவு 10 மணி முதல் விடிய விடிய' என்றுதான் அடிக்கிறேன். எத்தனை மணிக்கு முடியும் என்று ஒரு தம்பி கேட்டான், அதையும் போடச் சொன்னான். வெள்ளி முளைத்து, கோழி கூப்பிட்டு, டீக்கடையில் பாய்லர் பற்ற வைக்கும்போது முடியும் என்று சொல்லி, 'விடிய விடிய' என்பதையே கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தேன்.